கருப்பு வெள்ளை பிலிமும் இருட்டறையும்: புதிதாகக் கற்பவர்களுக்கு

கருப்பு வெள்ளை பிலிமில் படம் எடுத்து, அதை நாமே கழுவி, நாமே பிரிண்ட் போட வேண்டும் என்ற ஆசை வந்தவர்களை முதலில் பின்வாங்க வைப்பது அதிலுள்ள பெயர்களின் கூட்டம்தான். டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், என்லார்ஜர், மல்ட்டிகிரேடு என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, வேதியியல் படித்தவர்களுக்கு மட்டுமே இது கைவரும் என்று தோன்றிவிடும். ஆனால் நடப்பது ஒரே காரியம். வெள்ளி உப்பின் மேல் ஒளி விழுகிறது. டெவலப்பர் என்னும் கரைசல், ஒளி விழுந்த இடத்தைக் கருப்பாக்குகிறது. ஃபிக்ஸர் என்னும் இன்னொரு கரைசல், ஒளி விழாத உப்பைக் கரைத்து வெளியேற்றுகிறது. கேமராவில் இருந்த பிலிமுக்கு இது ஒருமுறை நடக்கிறது. இருட்டறையில் வைத்த தாளுக்கு மறுமுறை நடக்கிறது.

பிலிமில் வெளிச்சமான இடம் கருப்பாகப் பதிகிறது. நிழலான இடம் ஒளி ஊடுருவும்படி தெளிவாக நிற்கிறது. அதுவே நெகட்டிவ். அந்த நெகட்டிவ் வழியாகத் தாளின்மேல் ஒளியைப் பாய்ச்சினால், கருப்பான பகுதி ஒளியைத் தடுத்துத் தாளை வெள்ளையாகவே விட்டுவிடுகிறது. தெளிவான பகுதி ஒளியை உள்ளே விட்டுத் தாளைக் கருப்பாக்குகிறது. இரண்டுமுறை தலைகீழானதும் காட்சி நேராகிவிடுகிறது.

இந்த இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கற்பவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பிலிமில் ஒளி விழுந்த நொடி திரும்பி வராது. அதைக் கழுவுவதும் முழு இருட்டில் மூடிய கலத்துக்குள். எட்டிப் பார்க்க வழியில்லை. ஒரு ரோலில் உள்ள 36 படங்களும் சேர்ந்தே கழுவப்படுகின்றன. இது கொஞ்சம் கூட, அது கொஞ்சம் குறைய என்று கேட்க முடியாது. தாள் அப்படியல்ல. ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் படம் எழுந்துவருவதைக் கண்ணால் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தாளை எடுக்கலாம். ஆகவே நெகட்டிவில் நாம் செய்ய வேண்டியது, எதையும் தொலைத்துவிடாமல் சேர்த்து வைப்பது. படம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பிரிண்டில். இந்த ஒரு பாகுபாடு தெளிவாகிவிட்டால், பிலிம் தேர்வு முதல் கழுவும் நேரம் வரை எல்லா விதிகளும் தாமாகவே பொருள் தரத் தொடங்கும்.

மறைந்திருக்கும் படம்

பிலிமின் ஒரு பக்கத்தில் மெல்லிய ஜெலட்டின் படலம் பூசப்பட்டிருக்கிறது. அதற்குள் சில்வர் புரோமைடு நுண்படிகங்கள், சிறிதளவு சில்வர் அயோடைடு கலந்து, சிதறிக் கிடக்கின்றன. லென்ஸ் வழியாக வரும் ஒளி ஒரு படிகத்தைத் தொட்டதும் அதில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடி ஒரு புள்ளியாகின்றன. அந்தப் புள்ளியைக் கண்ணால் காண முடியாது. ஆனால் டெவலப்பருக்கு அது தெரியும். அப்புள்ளி இருக்கும் படிகத்தைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள கோடிக்கணக்கான வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக மாற்றிவிடுகிறது. மிக நுண்ணிய துகள்களாக இருக்கும் அந்த உலோக வெள்ளிதான் நம் கண்ணுக்குக் கருப்பாகத் தெரிகிறது. கருப்பு வெள்ளைப் படத்தின் கருப்பு முழுவதும் வெள்ளி என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

படம் தெரியாமலேயே பதிந்திருக்க முடியும் என்பதை 1840இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் கண்டறிந்தார். அதற்கு முன்பு அவர் படம் தானாகத் தாளில் கருத்து வரும்வரை நீண்ட நேரம் வெயிலில் காத்திருந்தார். மறைந்த படத்தை ரசாயனத்தால் வெளிக்கொணர முடியும் என்றானதும் காத்திருப்பு நிமிடங்களாகச் சுருங்கியது. ஒளி படாத உப்பை நீக்கும் வழி அதற்கு முன்பே இருந்தது. சோடியம் தயோசல்பேட்டு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கவனித்திருந்தார். 1839இல் அது புகைப்படத்தை நிலைப்படுத்தப் பயன்படத் தொடங்கியது. இன்றும் பழைய ஆட்கள் ஹைப்போ என்று சொல்வது அதைத்தான். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டினைக் கொண்டுவந்தார். இன்று கையில் எடுக்கும் பிலிம் ரோல் இந்த மூன்று கண்டுபிடிப்புகளின் நேர் வாரிசு.

கேமராவும் பிலிமும்

தொடங்குவதற்கு 35 மி.மீ. பிலிம் போடும், லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் போதும். ஷட்டர் வேகத்தையும் (ஒளி விழும் நேரம்) அபெர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) நாமே கையால் வைக்கும்படி இருக்க வேண்டும். லைட் மீட்டர் வேலை செய்ய வேண்டும். பழைய கேமரா வாங்கும்போது பின்கதவைத் திறந்து, குறைந்த ஷட்டர் வேகங்களை இயக்கிக் காதால் கேளுங்கள். ஒரு நொடி ஒரு நொடியாகவே ஒலிக்க வேண்டும். கதவின் ஓரத்தில் உள்ள பஞ்சு போன்ற அடைப்பு பிசுபிசுத்திருந்தால் வெளிச்சம் கசியும். அதை மாற்றுவது எளிது. 1960, 70களின் கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. வேறு பேட்டரி போட்டால் சில கேமராக்களின் மீட்டர் தவறான அளவு காட்டும் என்பதால், வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பிலிமில் ஐஎஸ்ஓ 400 வகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிம் எவ்வளவு குறைந்த ஒளியில் பதியும் என்பதைச் சொல்லும் எண்தான் ஐஎஸ்ஓ. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் ட்ரை-எக்ஸ். இரண்டும் முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளும் பிலிம்கள். எக்ஸ்போஷரில், அதாவது பிலிமுக்குக் கொடுக்கும் ஒளியின் அளவில், சிறிது பிசகினாலும் படம் கிடைக்கும். எது சிறந்தது என்ற ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். ஒரு பிலிம், ஒரு டெவலப்பர், ஒரு வகைத் தாள் என்று பல மாதங்கள் நிலையாக இருங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு எது எதனால் நேர்ந்தது என்று ஒருபோதும் தெரியாது.

இனி எக்ஸ்போஷர். கேமராவின் மீட்டருக்குத் தான் பார்ப்பது வெள்ளைச் சுவரா, கருப்புப் பூனையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொண்டு ஓர் அளவு சொல்லும். வெள்ளைச் சுவர் சட்டகம் முழுவதும் நிறைந்திருக்கும்போது மீட்டரைக் கேட்டு எடுத்தால் சுவர் சாம்பலாகிவிடும். கருப்புப் பூனையும் சாம்பலாகிவிடும். மீட்டர் சொல்வது ஒரு தகவல். முடிவு எடுப்பது நீங்கள்.

எந்தப் பக்கம் சாய்ந்து முடிவெடுப்பது? இங்கேதான் முன்பு சொன்ன பாகுபாடு கைகொடுக்கிறது. நிழலான பகுதியிலிருந்து போதிய ஒளி பிலிமுக்கு வரவில்லையென்றால் அங்கே மறைபடமே உருவாகாது. இல்லாததை எந்த டெவலப்பரும் வரவழைக்காது. வெளிச்சமான பகுதியில் ஒளி சற்று மிகுந்துவிட்டால் நெகட்டிவ் அங்கே அடர்த்தியாகும்; ஆனால் விவரம் உள்ளே இருக்கும், இருட்டறையில் கூடுதல் நேரம் கொடுத்து அதை மீட்கலாம். எனவே நிழலுக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர் கொடுங்கள். விவரம் தெரிய வேண்டும் என்று விரும்பும் நிழற்பகுதியை மட்டும் மீட்டரில் பாருங்கள். அது 1/60 நொடி, எஃப் 4 என்று சொன்னால், இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் என்பது ஒளியைப் பாதியாக்கும் அல்லது இரட்டிப்பாக்கும் படி) 1/60 நொடி, எஃப் 8 வையுங்கள். நிழல் நடுச்சாம்பலாக வெளிறாமல், விவரம் மறையாத ஆழ்ந்த சாம்பலாக விழும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி உருவாக்கிய ஜோன் முறையின் சாரம் இதுதான். அந்த முறையை முழுவதும் படிக்க வேண்டிய தேவை தொடக்கத்தில் இல்லை. இந்த அளவுக்குக்கூடப் பொறுமை இல்லாதபோது, 400 பிலிமைப் போட்டுக்கொண்டு மீட்டரை 200இல் வைத்துவிடுங்கள். எல்லாப் படத்துக்கும் ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி கிடைத்துவிடும்.

மீட்டரே இல்லாதபோது, நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தை, அதாவது 400 பிலிமுக்கு 1/500 நொடியை, வைத்தால் சரியாக வரும்.

வண்ணம் இல்லாத படத்தில் வண்ணங்கள் எல்லாம் சாம்பலின் படிகள். சிவப்புப் பூவும் பச்சை இலையும் நம் கண்ணுக்கு எதிரெதிராக நிற்கும். பிலிமில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடலாம். எடுக்குமுன் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வண்ணம் மங்கி வெளிச்சமும் நிழலும் மட்டும் முன்னுக்கு வரும். வானம் வெளுத்துப்போய் மேகம் தெரியாமல் போவதைத் தடுக்க மஞ்சள் ஃபில்டர் உதவும். சிவப்பு ஃபில்டர் வானத்தை இன்னும் கருக்கச் செய்யும்.

பிலிமைக் கழுவுதல்

இன்றைய கருப்பு வெள்ளை பிலிம்கள் பெரும்பாலும் எல்லா நிற ஒளிக்கும் மசிபவை. அதனால் சிவப்பு விளக்குகூடக் கூடாது. முழு இருட்டு வேண்டும். இருட்டில் செய்ய வேண்டியது ஒரே வேலை: பிலிமைச் சுருளில் ஏற்றிக் கழுவும் டேங்குக்குள் வைத்து மூடுவது. வெளிச்சம் புகாத, கைவிட்டு வேலை செய்யும் துணிப்பை ஒன்று இருந்தால் தனி அறைகூடத் தேவையில்லை. மூடிய பின் விளக்கைப் போட்டுக்கொண்டே மற்றதைச் செய்யலாம், டேங்கின் மூடி ஒளியை விடாமல் திரவத்தை மட்டும் உள்ளே விடும்.

தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இந்தச் சுருள்தான். வீணாய்ப்போன பிலிம் ஒன்றை வைத்து, முதலில் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுங்கள். விரல்கள் தானாகச் செய்யும்வரை பழகுங்கள். பிளாஸ்டிக் சுருளில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். முந்தைய ரோலைக் கழுவிய உடனே அதே சுருளில் அடுத்ததை ஏற்ற நினைக்காதீர்கள்.

டெவலப்பருக்கு கோடாக் டி-76 அல்லது இல்ஃபோர்டு ஐடி-11 எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே கலவை: மெட்டால், ஹைட்ரோகுயினோன் இரண்டும் வெள்ளியை வெளிக்கொணர்பவை; சோடியம் சல்பைட்டு கரைசல் கெடாமல் காக்கிறது; போராக்ஸ் காரத்தன்மை தருகிறது. 1920களிலிருந்து பெரிதாக மாறாமல் புழக்கத்தில் இருக்கும் கலவை இது.

நேரமும் வெப்பநிலையும் சேர்ந்தே அளவு. எச்பி5 பிளஸ் பிலிமை ஐஎஸ்ஓ 400இல் எடுத்து, நீர் கலக்காத ஐடி-11இல் 20 டிகிரி செல்சியஸில் கழுவினால் ஏழரை நிமிடம். சரிபாதி நீர் கலந்தால் 13 நிமிடம். மீட்டரை 200இல் வைத்து எடுத்திருந்தாலும் முதலில் இதே நேரத்தில் தொடங்குங்கள். நெகட்டிவின் வெளிச்சப் பகுதிகள் மிகவும் அடர்ந்து வந்தால் அடுத்த ரோலில் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். கரைசல் சூடாக இருந்தால் வேகமாக வேலை செய்யும், குளிர்ந்தால் மந்தமாகும். பிலிம் நிறுவனங்கள் தரும் அட்டவணையில் வெப்பநிலைக்கு ஏற்ற நேரம் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம் வரும்படி விடாதீர்கள். படலம் சீராகக் கழுவப்படாமல் திட்டுத்திட்டாகலாம். நம்பகமான வெப்பமானி ஒன்று கேமராவைவிட இங்கே முக்கியம்.

டெவலப்பரை ஊற்றியதும் டேங்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகள் விலகும். பின்பு முதல் பத்து நொடி, அதன்பின் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து நொடி என்று டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிலிமை ஒட்டியிருக்கும் டெவலப்பர் வேலை செய்து களைத்துவிடும். கவிழ்க்கும்போது புதியது அங்கே வந்து சேர்கிறது. அளவுக்கு மீறி ஆட்டினால் வெளிச்சப் பகுதிகள் அடர்ந்துபோய் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு, ஏறிவிடும். எல்லா ரோலுக்கும் ஒரே மாதிரி ஆட்டுவது, எவ்வளவு ஆட்டுகிறோம் என்பதைவிட முக்கியம்.

அடுத்து ஸ்டாப் பாத். இது மென்மையான அமிலம். காரத்தில் வேலை செய்யும் டெவலப்பரை உடனே நிறுத்துகிறது. பிறகு ஃபிக்ஸர். ஒரு சின்னப் பிலிம் துண்டை வெளிச்சத்திலேயே ஃபிக்ஸருக்குள் போட்டு, அது பால்நிறம் மாறித் தெளிவாக எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஃபிக்ஸ் செய்தால் போதும். புதிய ஃபிக்ஸரில் ஆன நேரத்தைக் குறித்து வையுங்கள். அது இரட்டிப்பாகும் நாளில் ஃபிக்ஸரை மாற்றுங்கள்.

கடைசியில் தண்ணீர். ஓடும் குழாயடியில் நெடுநேரம் வைக்க வேண்டியதில்லை. டேங்கில் அதே வெப்பநிலை நீரை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி நிரப்பி 20 முறை. இல்ஃபோர்டு நிறுவனம் பரிந்துரைக்கும் இந்த முறை தண்ணீரையும் மிச்சப்படுத்தும். கடைசி நீரில் வெட்டிங் ஏஜென்ட் எனப்படும், நீர் துளியாகத் திரளாமல் வழியச் செய்யும் திரவம் சில துளிகள் கலந்தால் காயும்போது நீர்ப்புள்ளி படியாது. தூசு பறக்காத இடத்தில் தொங்கவிட்டு, முழுவதும் காய்ந்த பிறகு ஆறு படங்களுக்கு ஒரு கீற்றாக வெட்டி உறையில் போட்டு வையுங்கள்.

காய்ந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கக் கற்றுக்கொள்வது, இந்தப் பொழுதுபோக்கில் கிடைக்கும் மிகப் பயனுள்ள திறமை. பிலிமின் ஓரத்தில் எண்களும் பெயரும் இருக்கின்றன அல்லவா, அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. ஆகவே அவை கழுவியது சரியா என்பதை மட்டும் சொல்லும் நடுநிலைச் சாட்சி. ஓர எழுத்துகள் நல்ல கருப்பாக இருந்து படங்கள் மட்டும் வெளிறியிருந்தால், எக்ஸ்போஷர் போதவில்லை. எழுத்துகளும் வெளிறியிருந்தால், கழுவிய நேரமோ வெப்பநிலையோ குறைந்துவிட்டது. எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன, படம் ஒன்றுகூட இல்லை என்றால் பெரும்பாலும் பிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை. எழுத்தும் இல்லை, படமும் இல்லை என்றால் டெவலப்பர் செத்துப்போயிருக்கும், அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருப்பீர்கள். பிலிம் பாலாடை படிந்ததுபோல் மங்கலாக இருந்தால் பதற்றம் வேண்டாம். ஃபிக்ஸர் போதவில்லை, திரும்ப ஃபிக்ஸருக்குள் போட்டால் தெளிந்துவிடும்.

இருட்டறையில்

நெகட்டிவை ஸ்கேன் செய்து திரையில் பார்த்துத் திருப்தியடைபவர்கள் இன்று ஏராளம். அதில் தவறில்லை. ஆனாலும் பிரிண்ட் போடுவதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நெகட்டிவ் எப்படி இருக்க வேண்டும் என்பதை நெகட்டிவ் சொல்லித் தராது. பிரிண்ட்தான் சொல்லித் தரும். மென்பொருள் குறைகளை ஓசையில்லாமல் சரிசெய்துவிடுவதால் எக்ஸ்போஷர் போதாத நெகட்டிவும் திரையில் தப்பித்துவிடும். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளின்மேல் பாய்ச்சும் கருவியான என்லார்ஜரின் கீழே அது தப்பாது.

சன்னல் இல்லாத எந்த அறையும் தற்காலிக இருட்டறையாகும். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகியதும் கசியும் வெளிச்சமெல்லாம் தெரியும், அடைத்துவிடலாம். அறையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் என்லார்ஜரும் தாளும் உள்ள உலர்ந்த பகுதி. மறுபக்கம் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் தட்டுகள் வரிசையாக உள்ள ஈரப்பகுதி. ஈரக்கையுடன் மின்சாரத்தைத் தொடும் நிலையே வராதபடி அமைக்க வேண்டும்.

அச்சிடும் தாள் நீலத்துக்கும் பச்சைக்கும் மசியும், சிவப்புக்கு மசியாது. அதனால்தான் இங்கே சிவப்பு விளக்கு. அந்த விளக்கும் உண்மையில் பாதுகாப்பானதா என்று சோதித்துக்கொள்வது நல்லது. என்லார்ஜரில் ஒரு தாளுக்கு இளஞ்சாம்பல் வரும் அளவுக்கு மட்டும் ஒளி கொடுத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கு தாளைக் கெடுக்கிறது.

முதலில் கான்டாக்ட் பிரிண்ட். கீற்றுகளை நேராகத் தாளின்மேல் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி, என்லார்ஜரின் ஒளியைக் காட்டினால், ஒரு ரோல் முழுவதும் சிறு படங்களாக ஒரே தாளில் கிடைக்கும். எவ்வளவு நேரம் காட்டுவது? பிலிமின் படமில்லாத தெளிந்த ஓரம் தாளில் முழுக் கருப்பாக ஆவதற்குத் தேவையான மிகக் குறைந்த நேரம். அந்த நேரத்தில் எடுத்த கான்டாக்ட் பிரிண்ட் பொய் சொல்லாது. அதில் இருண்டு கிடக்கும் படங்கள் எக்ஸ்போஷர் போதாதவை. வெளுத்துக் கிடப்பவை கூடியவை.

பிறகு ஒரு நெகட்டிவைத் தேர்ந்தெடுத்து என்லார்ஜரில் வையுங்கள். முகம், கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் ஆழ்ந்த கருப்பு எல்லாம் உள்ள எளிய படமாக இருக்கட்டும். லென்ஸை முழுவதும் திறந்து ஃபோகஸ் செய்து, பின்பு எஃப் 8க்குக் குறையுங்கள். தாளைத் துண்டாக வெட்டி, அட்டையால் படிப்படியாக மறைத்து 5, 10, 15, 20 நொடி என்று கொடுத்து ஒரு சோதனைத் துண்டு எடுங்கள். துண்டை டெவலப்பரில் போட்டதும் சில நொடிகளில் படம் எழத் தொடங்கும். ஆர்சி எனப்படும் பிளாஸ்டிக் பூச்சுத் தாளுக்கு ஒரு நிமிடம் என்றால், முழு ஒரு நிமிடமும் இருக்கட்டும். கருத்துக்கொண்டே போகிறதே என்று நடுவில் பிடுங்கினால் கருப்பு முழுமையடையாமல் சேற்றுநிறமாகும். சிவப்பு விளக்கின் கீழ் எந்தப் பிரிண்டும் உள்ளதைவிட இருண்டே தெரியும். ஃபிக்ஸ் ஆன பிறகு வெள்ளை வெளிச்சத்தில் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சோதனைத் துண்டில் எதைப் பார்ப்பது? வெளிச்சமான பகுதிகளை மட்டும் பாருங்கள். வெள்ளைச் சட்டையின் மடிப்பு தெரிகிறதா, கன்னத்தின் மினுக்கத்தில் தோல் இருக்கிறதா? அது சரியாக வரும் படி எதுவோ, அதுவே நேரம். கருப்பைப் பற்றி அப்போது கவலைப்படாதீர்கள். நேரம் முடிவான பிறகு கருப்பைப் பாருங்கள். கருப்பு வெளிறிச் சாம்பலாக நின்றால் கான்ட்ராஸ்டை ஒரு படி ஏற்றுங்கள். நிழலின் விவரமெல்லாம் கருப்பில் மூழ்கிவிட்டால் ஒரு படி இறக்குங்கள்.

பிலிமில் நிழலுக்கு ஏற்ப எக்ஸ்போஷர் கொடுத்தோம். தாளில் வெளிச்சத்துக்கு ஏற்பக் கொடுக்கிறோம். முரண்போலத் தோன்றும் இந்த இரண்டும் ஒரே விதி. பிலிமில் மிகக் குறைந்த ஒளி விழும் இடம் காட்சியின் நிழல். தாளில் மிகக் குறைந்த ஒளி விழும் இடம், நெகட்டிவின் அடர்த்தி ஒளியைத் தடுக்கும் இடம், அதாவது காட்சியின் வெளிச்சம். எங்கே ஒளி குறைவோ, அந்த முனையின் கதியை எக்ஸ்போஷர் தீர்மானிக்கிறது. ஒளி மிகுந்த மறுமுனையைப் பிலிமில் கழுவும் நேரம் ஆள்கிறது; தாளில் கான்ட்ராஸ்ட் படி ஆள்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் எந்தப் பிலிமையும் எந்தத் தாளையும் கையில் எடுத்தாலும் திகைக்க மாட்டார்.

மல்ட்டிகிரேடு தாளில் இந்தக் கான்ட்ராஸ்ட் மாற்றம் ஒளியின் நிறத்தால் நடக்கிறது. நீல ஒளி கான்ட்ராஸ்டைக் கூட்டும், பச்சை குறைக்கும். என்லார்ஜரில் செருகும் மஞ்சள், மெஜந்தா ஃபில்டர்கள் இந்த இரண்டின் விகிதத்தை மாற்றுகின்றன. இல்ஃபோர்டு ஃபில்டர்கள் 00 முதல் 5 வரை அரைப் படிகளாக வருகின்றன. 2இல் தொடங்குவது வழக்கம். 4க்கும் அதற்கு மேலும் போகும்போது நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 1940இல் இந்த வகைத் தாள் வந்திராவிட்டால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்திருக்கும்.

அடிப்படைப் பிரிண்ட் கிடைத்ததும் உண்மையான மகிழ்ச்சி தொடங்குகிறது. சன்னலோரம் அமர்ந்திருக்கும் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை நேரம் 12 நொடி. முகத்தின் நிழல் பக்கம் சற்று இருண்டிருக்கிறது. சன்னலுக்கு வெளியே உள்ள வானம் வெறும் தாளாக நிற்கிறது. கம்பியின் முனையில் ஒட்டிய சிறு அட்டையால் அந்த நிழல் பக்கத்தை 12 நொடிகளில் 3 நொடி மறைத்தால் அது இளகும். பிறகு கைகளைக் குவித்து வானத்துக்கு மட்டும் இன்னும் 12 நொடி, அதாவது ஒரு ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால், நெகட்டிவில் சேர்ந்திருந்த மேகம் தாளுக்கு இறங்கும். கையும் அட்டையும் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் விளிம்பு தெரிந்துவிடும். மறைத்ததையும் கூட்டியதையும் தாளின் பின்புறம் பென்சிலால் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அதே நெகட்டிவை எடுக்கும்போது அந்தக் குறிப்பு விலைமதிப்பற்றது. ஒரு பிரிண்டை நல்லது என்று சொல்லுமுன் அதன் அருகே இன்னும் சற்று இருண்ட ஒன்றையும், சற்று வெளுத்த ஒன்றையும் வைத்துப் பாருங்கள். கண் ஒப்பிட்டுத்தான் கற்கும்.

ரசாயனங்களைப் பற்றிப் பயம் தேவையில்லை, கவனம் தேவை. மெட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். கையுறையும் இடுக்கியும் பழக்கமாகட்டும். ஃபிக்ஸரின் ஆவி மூக்கை அரிக்கும் என்பதால் அறையில் காற்றோட்டம் வேண்டும். குடிக்கும் பாட்டில்களில் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் சேர்த்து வைத்து, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடமோ வெள்ளியை மீட்பவர்களிடமோ கொடுங்கள்.

ஃபிக்ஸ் ஆன ஆர்சி தாளைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கழுவினால் போதும்; காய்வதும் விரைவு. ஃபைபர் தாள் எனப்படும் பழைய முறைத் தாளில் ரசாயனம் நாருக்குள் ஊறிவிடுவதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழுவ வேண்டியிருக்கும்; காயும்போது சுருளும். அதன் மேற்பரப்பும் கருப்பின் ஆழமும் கண்ட பிறகு அந்தச் சிரமம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஆர்சி தாளில் ஒரு நெகட்டிவ் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வரத் தொடங்கிய பிறகே அதற்குப் போங்கள். போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஃபைபர் பிரிண்ட் ஈரத்தில் இருந்ததைவிடக் காய்ந்ததும் சற்று இருண்டுவிடும். ஈரத்தில் மிகச் சரியாகத் தெரியும் பிரிண்டுக்கு நேரத்தைச் சிறிது குறைத்து இன்னொன்று போட்டு, இரண்டையும் காயவிட்டு மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது உங்கள் தாளுக்கு அப்போது தெரிந்துவிடும்.